கடைசிக் கட்டத்தில் பிழைத்த வில்லன்

இன்று டிசி காமிக்ஸ் என்று உலகம் அறிந்த பதிப்பகத்தை 1934-இல் நியூயார்க்கில் தொடங்கியவர், ராணுவத்தில் மேஜராக இருந்த மால்கம் வீலர்-நிக்கல்சன். கடன் கழுத்தை நெரிக்க, 1938-இல் அவர் கையைவிட்டு எல்லாம் போயிற்று. ஹாரி டோனன்ஃபெல்டும் கணக்குப் புலியான ஜாக் லீபோவிட்ஸும் முதலாளிகள் ஆனார்கள். அதே ஆண்டு சூப்பர்மேன் வந்தார்; 1939-இல் பேட்மேன். அடுத்த ஆண்டே பேட்மேனுக்குத் தனி இதழே கொடுத்துவிட்டார்கள். 64 பக்கம், விலை 10 சென்ட், மூன்று மாதத்துக்கு ஒன்று. 1940 வசந்தகாலத்தில் வந்த அந்த முதல் இதழில்தான் ஜோக்கர் நுழைகிறான்.

நுழையும் விதமே தனி. முதலில் வருவது அவன் குரல்தான், அதுவும் வானொலியில். இன்றிரவு பன்னிரண்டு மணிக்கு ஹென்றி கிளாரிட்ஜ் என்ற பணக்காரரைக் கொன்று, அவருடைய வைரத்தைக் கொண்டுபோவேன் என்கிறான். வீட்டைச் சுற்றிப் போலீஸ். பூட்டு உடையவில்லை, ஜன்னல் திறக்கவில்லை. மணி பன்னிரண்டு அடிக்கிறது, மனிதர் சாய்கிறார். உயிர் போன முகத்தில் கோரமான ஓர் இளிப்பு. பெட்டகத்தைத் திறந்தால் இருப்பது கண்ணாடிக் கல். முந்தின இரவே நஞ்சு ஏறிவிட்டது, வைரமும் கைமாறிவிட்டது. காவல் காக்க வந்தவர்கள் காத்தது வெறும் பெட்டியை! இதே இதழில் பூனை என்ற பெயரில் ஒரு திருடி அறிமுகமாகிறாள். பின்னாளில் கேட்வுமன் ஆனவள் அவள்தான். இருந்தும் இதழை மூடிய பிறகு மனதில் நிற்பது அந்த இளிப்பு மட்டுமே.

இதழின் முதல் கதை, கடைசிக் கதை இரண்டிலும் ஜோக்கர் உண்டு. கடைசிக் கதையில் அவனைச் சாகடிப்பதாகத்தான் ஏற்பாடு. கதாசிரியர் பில் ஃபிங்கருக்கு ஒரே கவலை: பிடிபட்ட வில்லன் திரும்பத் திரும்ப வந்தால் பேட்மேன் கையாலாகாதவர் ஆகிவிடமாட்டாரா? நியாயமான கவலைதான். ஆகவே சண்டையில் ஜோக்கரின் கத்தி அவன் மார்பிலேயே பாய்ந்தது, சிரித்தபடியே விழுந்தான். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இப்படி ஒரு வில்லனை ஒரே இதழில் தொலைப்பதா? கடைசியில் அவசரமாக ஒரு கட்டம் சேர்ந்தது: ஆம்புலன்ஸில் மருத்துவர், ஆள் சாகவில்லை, பிழைத்துக்கொள்வான் என்கிறார். எல்ஸ்வொர்த்தின் கணக்குத் தப்பவில்லை. முதல் 12 பேட்மேன் இதழ்களில் 9-இல் ஜோக்கர் தலைகாட்டினான்.

எல்ஸ்வொர்த் தலையிட்டது அந்த ஓரிடத்தில் மட்டுமல்ல. அதே இதழின் இன்னொரு கதையில் பேட்மேன் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். இனி துப்பாக்கி கூடாது என்று அவர் தடைபோட்டார். பேட்மேனின் கொள்கை என்று நாம் கொண்டாடுவதில் பாதி, ஆசிரியர் மேஜையில் உருவானது.

ஜோக்கரைப் படைத்தவர் யார் என்பதுதான் தீராத வழக்கு. அப்போது இருபது வயதுகூட ஆகாத உதவி ஓவியர் ஜெர்ரி ராபின்சன், சீட்டுக்கட்டு ஜோக்கரைத் தான் வரைந்துகாட்டியதே தொடக்கம் என்றார். ஓவியர் பாப் கேன் மறுத்தார். தானும் ஃபிங்கரும் உருவாக்கியது என்றார். 1928-இல் வந்த ‘தி மேன் ஹூ லாஃப்ஸ்’ படத்தில், வாயைக் கிழித்து நிரந்தரச் சிரிப்பாக்கிய முகத்துடன் நடித்த கான்ராட் வைட்டின் புகைப்படத்தை ஃபிங்கர் கொண்டுவந்ததில் மட்டும் பெரிய தகராறு இல்லை. அந்தப் படத்தையும் இந்த வில்லனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தகராறுக்கு இடமும் இல்லை.

இதழில் அச்சானதோ பாப் கேன் பெயர் ஒன்றுதான். கேனின் ஒப்பந்தம் அப்படி. ஃபிங்கர் 1974-இல் பெரிய வசதியில்லாமலே காலமானார். பேட்மேனை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று நிறுவனம் முறைப்படி அவர் பெயரைச் சேர்த்தது 2015-இல்.