தமிழ்நாட்டில் வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பு

தமிழ்நாட்டில் வானொலி, ஆர்வலர்கள் கைக்காசு போட்டுத் தொடங்கிய காரியம். 1924 மே மாதம் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் பிறந்தது. ஜூலை 31 அன்று 40 வாட் கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது நின்றுபோனது. கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் மாலை வேளைகளில் ஒலிபரப்பியது. ரேடியோப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் கேட்கும்படி மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்தது. அந்த மாநகராட்சி செய்த நற்காரியங்களில் இதற்குத் தனி இடம் உண்டு.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று எழும்பூரில் தொடங்கியது. மறு ஆண்டு திருச்சி நிலையம் வந்தது. அப்போது ஏறக்குறைய எல்லாமே நேரடி ஒலிபரப்பு. சிவப்பு விளக்கு எரிந்ததும் தொடங்கி, குறித்த நேரத்தில் முடித்தாக வேண்டும். உரை என்றால் எழுதிவந்து வாசிப்பது. நாடகக்காரர்கள் மைக்கைச் சுற்றி நின்று, தாள் சரசரக்காமல் படித்தார்கள். பெரிய வித்வான்கள் அந்த ஆண்டுகளில் பாடியதில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. நம் இசை வரலாற்றுக்கு அது ஈடுகட்ட முடியாத இழப்பு.

ஒலிநாடா வந்தபின் வேலையின் தன்மையே மாறியது. பேசுபவர் தடுமாறிய இடத்தை, நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக் காதால் தேடிப் பிடிப்பார்கள். மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, பிளேடால் வெட்டி, ஒட்டுவார்கள். நேராக வெட்டினால் இணைப்பில் 'டப்'பென்று தட்டும். சாய்வாக வெட்டினால் ஓர் ஒலி மற்றதில் கரைந்துவிடும். விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில், ஓர் இருமலை நீக்க ஏறக்குறைய ஒரு சாண் போகும். நாடா விலை கூடியது என்பதால், ஒலிபரப்பான பலவற்றை அழித்துவிட்டு அதிலேயே மறுபடி பதிந்தார்கள். இழப்பு அப்போதும் தொடர்ந்தது.

பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக முடிந்ததும், வயல்வெளியின் குரலும் நிகழ்ச்சிக்குள் வந்தது. 1960களில் திருச்சி நிலையத்தின் உழவர் நிகழ்ச்சிகள் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி விடாமல் சொல்லிவர, தஞ்சை விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு இதைவிடப் பெரிய விருது வேண்டியதில்லை.

1977 ஜூலை 23 அன்று இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது. இப்போது வெட்டுவதும் ஒட்டுவதும் கணினித் திரையில் நடக்கின்றன. தப்பிப் பிழைத்த பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றும்போது, பசை காய்ந்த அந்தச் சாய்வு ஒட்டுகள் பிரிந்துவிடுவதுண்டு. அப்போது ஓட்டத்தை நிறுத்தி, மறுபடி ஒட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.