ஒரு கைப்பிடி அரிசி

எங்க ஊர் திருநின்றவூர். பேரைச் சொன்னாலே பெரியவர்கள் பூசலார் நாயனார் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். கையில் காசில்லாததால் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலை விட்டுவிட்டு, குடமுழுக்கு நாளில் இறைவன் இந்த மனக்கோயிலுக்குத்தான் வந்தார் என்கிறது பெரியபுராணம். இல்லாதவன் என்ன கொடுக்க முடியும் என்ற கேள்விக்கு எங்க ஊர் சொல்லும் பதில் அது.

அதே கேள்விக்கு இன்னொரு பதிலைப் பக்கத்து வீட்டுச் சமையலறையில் பார்த்தேன். நெல்லைப் பக்கம் இருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். உலை வைக்குமுன் அத்தை ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டின்னில் போட்டார். கேட்டதற்கு, "கைப்பிடி அரிசிப்பா, கோயிலுக்குக் கொடுக்க. நமக்குக் கிடைச்சதுல அவருக்கு ஒரு பங்கு" என்றார். அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்னப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

1900-களின் தொடக்கத்தில் திருநெல்வேலித் திருச்சபைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று நிறைய, வெளிநாட்டுப் பணத்தில் வந்தவை. 'வாங்கிக்கொண்டே இருக்கிறோமே, நாம் எப்போது கொடுக்கப் போகிறோம்?' என்று உறுத்தல் பட்ட இளைஞர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்திலேயே ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். அடுத்த ஆண்டே, 1903-ல், பாளையங்கோட்டையில் நண்பர்களோடு சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். ஆள் நம்முடையவர், பணம் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது. இதுதான் கொள்கை.

அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம் அன்றைய ஐதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல். மொழியே தெரியாத தெலுங்கு நாடு. 1909-ல் அசரியாவே குடும்பத்தோடு அங்கே போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத, தீண்டாமைக்கு ஆளான கூலி மக்கள். அவர்களிடமும் காணிக்கை கொடுக்கச் சொன்னார் அசரியா. பெண்கள் சமைக்கும்போது கைப்பிடி அரிசியை ஒதுக்கி வைத்தார்கள். 'ஏழைகளிடம் போய் வாங்குவதா?' என்று நமக்கும் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். காலம் காலமாக 'நீ வாங்குகிறவன்' என்று மட்டுமே சொல்லப்பட்டவரிடம் 'உன்னாலும் கொடுக்க முடியும்' என்று சொல்வது அவரை மனிதராக மதிப்பதுதானே?

1939-ல் தோர்ணக்கலில் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில் மண்டபத் தூண்களும் மசூதியைப் போன்ற குவிமாடங்களும் சேர்ந்த கட்டடம் அது. அசரியா 1945 ஜனவரி 1 அன்று காலமானார். அவர் தொடங்கி வைத்த சங்கம் நூறாண்டு தாண்டியும் இயங்குகிறது.

நன்றி சொல்வது எளிது. ஆனால் கிடைத்ததைப் பொறுப்போடு அடுத்தவருக்கும் நகர்த்தினால்தான் அந்த நன்றி முழுமையாகிறது. அதற்குப் பணக்காரராகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பூசலாரிடம் மனம் இருந்தது. அத்தையிடம் ஒரு டின் இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது?