கொடியும் குழந்தையும்

1942ஆம் ஆண்டிலே, உலகப் போரின் நடுவே, அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலக் கல்விச்சபை, அரசாங்கப் பாடசாலை மாணவர் யாவரும் நாட்டுக்கொடியை வணங்குதல் வேண்டுமென ஆணை பிறப்பித்தது. யெகோவாவின் சாட்சிகள் என்னுஞ் சமயத்தாரின் பிள்ளைகள், இறைவனையன்றிப் பிறிதொன்றை வணங்கோம் என மறுத்தனர். மறுத்த பிள்ளைகள் பாடசாலையினின்றும் நீக்கப்பட்டனர். அவ்வாறு நீக்கப்பட்டவர் பாடசாலைக்கு வாராதது குற்றமாகி, பெற்றோருக்கு 50 டொலர் வரை தண்டமும் 30 நாள் வரை சிறையும் விதிக்க இடமிருந்தது. கதவை அடைத்தவரே, உள்ளே வாராதது ஏனென்று தண்டிப்பது எங்ஙனம் நீதியாகும்?

இத்தகைய வழக்கொன்றில் 1940இல் எட்டுக்கு ஒன்றாகப் பாடசாலையின் பக்கஞ் சார்ந்த உச்ச நீதிமன்றம், 1943 யூன் 14ஆம் நாள், கொடிநாளன்றே, ஆறுக்கு மூன்றாகத் தன் கொள்கையைத் தானே மாற்றிக்கொண்டது. நெஞ்சம் ஏலாததை வாயாற் கூறுமாறு எவ்வதிகாரியும் வற்புறுத்தலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பாடசாலை வாயிலிலே பிள்ளை தன் மனச்சாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்வதில்லையன்றோ!