மட்டக்குதிரையும் மலைப்பாதையும்

குருநாகலில் இருந்து கண்டிக்கு பஸ்ஸில் வர்றவங்களுக்கு கலகெதர ஏற்றம் நல்லாத் தெரியும். கண்டி இராச்சியத்தின் காலத்தில் அது வெறும் ஏற்றம் இல்லை, ஒரு வாசல். 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டோவலின் ஆங்கிலப் படை, கலகெதரவிலும் கிரிஹாகமவிலும் இருந்த காவலரண்களைப் பிடித்த பிறகுதான் கண்டிக்குள் நுழைய முடிந்தது. நுழைந்தால் நகரம் காலி! அங்கே விட்டுப்போன காவல்படையைக் காய்ச்சல் தின்றது. மிச்சத்தை ஜூன் மாதம் கண்டியர்கள் முடித்தார்கள்.

கண்டியின் உண்மையான கோட்டை எது என்று கேட்டால், பாதை இல்லாததுதான். 1660இல் பிடிபட்டு ஏறக்குறைய இருபது வருசம் இங்கே கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். ஒற்றையடிப் பாதைகள், முள் கட்டிய கடவைகள். அகலமான பாதை போட அரசனே விடமாட்டான். அரசனிடம் குதிரைகள் இருந்தன. ஆனால் அவை பெருமைக்கு, பயணத்துக்கு இல்லை.

அப்போ உப்பும் பாக்கும் எப்படிப் போய் வந்தன? பொதிமாட்டில். அந்த மாட்டுக்கூட்டத்துக்கு தவளம் என்று பெயர். அரசனுக்காகப் பொதிமாடு ஓட்டும் பிரிவு மடிகே. அதில் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. கலகெதரவில் மடிகே என்ற ஊர்ப் பெயரைக் கேட்டிருப்பீங்க. அது வெறும் பெயர் இல்லை, ஒரு தொழிலின் அடையாளம்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இனி இந்த மலையைக் கையில் வைத்திருக்க பாதை வேணும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி எடுத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவருக்கு அங்கே ஒரு கோபுரம் நிற்கிறது. ஆனால் வெட்டியது யார்? இராஜகாரிய முறையில், கூலி இல்லாமல் வேலைக்கு இழுக்கப்பட்ட கிராமத்து ஆட்கள். 1832இல் அந்த இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. அதே 1832இல்தான் புது வீதியில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைகள் இழுக்கும் தபால் கோச்சு ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் தபால் கோச்சு இது என்று சொல்வார்கள்.

ஒரு விசயத்தை யோசிச்சுப் பாருங்க. குதிரை பயந்த பிராணி. பின்னால் சத்தம் வந்தால் ஓடுவதுதான் அதன் சுபாவம். அப்படிப்பட்டதுக்குப் பின்னாலேயே கடகடவென்று ஒரு வண்டியைக் கட்டினால்? அதனால் பழக்கம் படிப்படியாகத்தான் நடக்கும். முதலில் ஆள் பின்னால் நடந்து, நீளக் கடிவாளம் பிடித்து, குரலுக்கு நிற்கவும் திரும்பவும் பழக்குவார். பிறகு ஒரு கட்டையை இழுக்க வைப்பார். பிறகு பழகிய கிழட்டுக் குதிரைக்குப் பக்கத்தில் பூட்டுவார். பின்னால் வருவது தெரியாமல் இருக்கக் கண்ணுக்குப் பட்டை. மலையில் இன்னொரு பாடமும் இருக்கு: ஏற்றத்தில் இழுத்தால் மட்டும் போதாது, இறக்கத்தில் வண்டியைத் தன் உடம்பால் தாங்கிப் பிடிக்கவும் தெரியணும். கட்டைக் கால், அகன்ற நெஞ்சு, உறுதியான குளம்பு உள்ள மட்டக்குதிரை மலைநாட்டுக்கு ஏற்றது இதனால்தான்.

நம்ம தீவில் குதிரைக்குப் பேர்போன இடம் மலையில் இல்லை, நெடுந்தீவில். ஒல்லாந்தர் அங்கே குதிரை வளர்த்தார்கள். லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. வேலை வாங்கியவர்கள் போன பிறகு குதிரைகள் மட்டும் மிஞ்சின. இன்று அவை கட்டாக்காலியாகத் திரிகின்றன. வறட்சி வந்தால் தண்ணிக்குத் தவிக்கின்றன.

கண்டிக் குதிரைகளின் கதை இன்னும் சீக்கிரம் முடிந்தது. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. கோச்சுக்கு வேலை போனது. அந்த 35 வருசத்திலும் கூட, தோட்டத்துக் கோப்பியைக் கொழும்புக்கு இறக்கியது கோச்சு இல்லை, மாட்டு வண்டி. அந்தத் தோட்டங்களுக்கு தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்ம ஆட்கள் மன்னார்ப் பக்கம் கரையேறி, காடு கடந்து, கால்நடையாகவே மலைக்கு வந்தார்கள். வழியில் செத்தவர்களும் ஏராளம்.

கோச்சைப் பற்றிய கதை ஆளுநரோடும் கப்டனோடும் நின்றுவிடுகிறது. குதிரையைப் பழக்கியவன், லாயம் கூட்டியவன், புல் அறுத்தவன், பாறை உடைத்தவன் யாருக்கும் கோபுரம் இல்லை. தவளம் ஓட்டியவர்களுக்காவது ஒரு ஊர்ப் பெயர் மிஞ்சியது. உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது வண்டி, மாடு, குதிரை வேலை பார்த்திருந்தால் இப்பவே கேட்டு எழுதி வைங்க. பாதை வரலாற்றில் நம்ம பக்கம் இன்னும் காலியாத்தான் இருக்கு.