"பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க?" எம்.எஸ். நோயாளிகளை வாட்டும் கண்ணுக்குத் தெரியாத பிரச்னைகள்

குளித்து, சாப்பிட்டு, ஆபீஸ் கிளம்புவதற்குள்ளேயே அன்றைய நாளுக்கான தெம்பு முழுக்க தீர்ந்துவிடுகிறது. காய்ச்சல் இல்லை, கையில் கட்டு இல்லை. "பார்க்க நல்லாத்தானே இருக்க, அப்புறம் என்ன?" என்று வீட்டில் இருப்பவர்களே கேட்கிறார்கள். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். நோய் உள்ளவர்களில் பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது.

எம்.எஸ். என்றால் என்ன?

செம்புக் கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, நரம்பு இழைகளுக்கு மேல் மைலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. சிக்னல் வேகமாகப் போக இதுதான் காரணம். நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பில் உள்ள இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். உலக அளவில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2020-ல் கணக்கிடப்பட்டது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். அதாவது வேலை, கல்யாணம், குழந்தை என்று வாழ்க்கை சூடுபிடிக்கும் நேரத்தில். பாதிக்கப்படுவதில் பெண்களே அதிகம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த என்.எம்.ஓ. என்ற நோயில் ஒரே அட்டாக்கில்கூட பார்வையோ, கால் பலமோ போய்விடலாம். அடுத்த அட்டாக் எப்போது வருமோ என்ற பயமே அவர்களுக்குத் தனி வேதனை.

மனச்சோர்வு ஏன் வருகிறது?

"வியாதி வந்தா கவலை வரத்தானே செய்யும்" என்று நினைப்போம். அது பாதி உண்மைதான். மூளையில் ஏற்படும் வீக்கமும் தழும்புகளும்கூட மனநிலையை நேரடியாகப் பாதிக்கின்றன. எம்.எஸ். உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோயைச் சந்திக்கிறார்கள். ஆக, இது மன தைரியம் இல்லாததன் அடையாளம் இல்லை. நோயின் ஒரு பகுதி. அட்டாக் நேரத்தில் தரப்படும் அதிக டோஸ் ஸ்டீராய்டும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்து, மனநிலையைத் தடுமாற வைக்கும். இன்னும் சிலருக்கு சோகமே இல்லாமல் அழுகையும், காரணமே இல்லாமல் சிரிப்பும் பொத்துக்கொண்டு வரும். துக்க வீட்டில் சிரித்துவிட்டு ஊர்ப் பேச்சுக்கு ஆளாகிறவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

டாக்டர்களே தவறவிடுவது எப்படி?

களைப்பு, தூக்கமின்மை, கவனம் சிதறுவது. இவை எம்.எஸ். அறிகுறிகள், மனச்சோர்வின் அறிகுறிகளும் இவையேதான். அதனால் ஒன்று இன்னொன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. எம்.எஸ். பாதிப்பை 0 முதல் 10 வரை மதிப்பிட டாக்டர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் 4-க்கு மேல் போனால் பெரும்பாலும் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதுதான் கணக்கு. நன்றாக நடக்கிற ஒருவர் உள்ளுக்குள் உடைந்து போயிருந்தால், அந்த ஸ்கோரில் அது தெரியாது.

எனவே நீங்களே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். கடந்த 2 வாரங்களில் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? முன்பு பிடித்த விஷயங்களில் ஆர்வமே போய்விட்டதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கேட்டால் சொல்லிக்கலாம் என்று இருக்க வேண்டாம்.

வெயிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உடல் சூடேறினால் மைலின் இழந்த நரம்புகளில் சிக்னல் இன்னும் தடுமாறும். கண் மங்கும், கால் துவளும். ஸ்கேன் வசதி வராத காலத்தில், சந்தேகம் உள்ளவர்களை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துத்தான் டெஸ்ட் செய்தார்கள்! உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். புதிதாக நரம்புச் சேதம் இல்லை. ஆனால், நம்ம ஊர் மே மாத வெயிலுக்குப் பயந்து வெளியே போவதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தனிமை அங்கேதான் தொடங்குகிறது. வெளி வேலைகளை அதிகாலைக்கு மாற்றுவது, ஈரத்துணி, குளிர்ந்த தண்ணீர் எல்லாம் சின்ன விஷயங்கள்தான், ஆனால் கைகொடுக்கும்.

என்ன செய்யலாம்?

மனச்சோர்வை எம்.எஸ். இருக்கும்போதே குணப்படுத்த முடியும். கவுன்சிலிங், தேவைப்பட்டால் மாத்திரை, இரண்டுமே பலன் தரும். ஒரு காலத்தில் "உடம்பை அலட்டிக்காதீங்க" என்றுதான் அறிவுரை சொன்னார்கள். இப்போது அவரவர் உடலுக்கு ஏற்ற உடற்பயிற்சி களைப்பையே குறைக்கும் என்கிறது மருத்துவம். நரம்பு நோய்க்கான மருந்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் எம்.எஸ். நோயும் ஒன்று. அரசு அலுவலகங்கள் நியாயமான பணி வசதி செய்து தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆனால் சான்றிதழ் சதவீதக் கணக்கில் தரப்படுகிறது. களைப்பை எந்த ஸ்கேலால் அளப்பது?

மனம் பாரமாக இருந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களும் தாராளமாக அழைக்கலாம்.