சிறை கட்டுவதா, சிறாரைக் காப்பதா? டெக்சஸ் சட்டமன்றம் படித்த பாடம்

குற்றம் பெருகினால் சிறை கட்ட வேண்டும். பிள்ளை தவறு செய்தால் அடைத்து வைக்க வேண்டும். பல அரசாங்கங்கள் நீண்ட காலமாக இப்படித்தான் எண்ணி வந்தன. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் அந்த எண்ணத்தில் மிக உறுதியாக நின்றது. அதே மாநிலத்தின் சட்டமன்றக் குழுக்கள் 2007ஆம் ஆண்டில் இரண்டு கேள்விகளை ஒரே நேரத்தில் ஆராய வேண்டி வந்தது. பெரியவர்களுக்கான சிறைகளில் இடமில்லை, என்ன செய்வது? சிறார் சீர்திருத்தப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை, யார் பொறுப்பு?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் கிடைத்த விடைகள் இன்றும் பல நாடுகளில் பேசப்படுகின்றன.

கேட்ஸ்வில் கதை

சிறுவர்களை முதிர்ந்த கைதிகளோடு சேர்த்து அடைக்கக்கூடாது என்ற நல்ல நோக்கத்தில், 1889இல் கேட்ஸ்வில் என்ற ஊரில் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. பெயர் பள்ளிதான். ஆனால், நாளடைவில் அங்கே படிப்பைவிடத் தண்டனையே மேலோங்கியது.

1971இல் சிறார் சார்பில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. மோரலஸ் வழக்கு என்று அது அறியப்படுகிறது. அடி உதை, கண்ணீர்ப் புகை, தனிமைச் சிறை எனப் பல கொடுமைகள் விசாரணையில் வெளிவந்தன. 1974இல் கூட்டரசு நீதிபதி வில்லியம் வேய்ன் ஜஸ்டிஸ், இவை அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தார். 1979இல் கேட்ஸ்வில் பள்ளி மூடப்பட்டது. அதன் கட்டடங்கள் பெரியவர்களுக்கான சிறைத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டன.

பாடம் படித்தாகிவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். முப்பது ஆண்டுகள்கூடச் செல்லவில்லை. பழைய கதை திரும்பியது.

பயோட் பள்ளியில் நடந்தது

மேற்கு டெக்சஸில் பயோட் என்ற சிற்றூர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் இருந்த இடத்தில் ஒரு சிறார் சீர்திருத்தப் பள்ளி இயங்கியது. பெருநகரங்களிலிருந்து வெகு தொலைவு. பெற்றோர் பிள்ளைகளைப் பார்த்து வருவதே பெரும்பாடு.

அங்கே கணிதம் சொல்லிக் கொடுக்க வந்த தன்னார்வலர் ஒருவரிடம், பள்ளியின் மூத்த அதிகாரிகள் தங்களிடம் பாலியல் கொடுமை புரிவதாகச் சிறுவர்கள் தெரிவித்தனர். அவர் 2005இல் டெக்சஸ் ரேஞ்சர் காவல் அதிகாரி ஒருவரிடம் முறையிட்டார். அந்த அதிகாரி விசாரித்து, ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்தார். ஆனால், இரண்டு ஆண்டுகளாக வழக்கு நகரவே இல்லை. 2007 பிப்ரவரியில் பத்திரிகைகள் செய்தியை வெளியிட்ட பிறகே மாநிலம் விழித்துக் கொண்டது.

சிறுவர்கள் ஏன் முன்பே வாய் திறக்கவில்லை? காரணம் எளிது. ஒரு சிறுவன் எப்போது வீடு திரும்புவான் என்பதில் பள்ளி நிர்வாகத்திற்கே பெரும் அதிகாரம் இருந்தது. புகார் சொன்னால் தண்டனைக் காலம் நீளும் என்ற அச்சம் அவர்களின் வாயை அடைத்தது.

சட்டமன்றம் கூட்டுச் சிறப்புக் குழு ஒன்றை அமைத்தது. செனட் சபையின் ஜான் விட்மைரும் கீழவையின் ஜெரி மேடனும் அதற்கு இணைத் தலைவர்கள். முன்னவர் ஜனநாயகக் கட்சி, பின்னவர் குடியரசுக் கட்சி. சிறார் ஆணையத்தின் நிர்வாக வாரியம் பதவி விலகியது.

அதே ஆண்டு ஜூன் மாதம் புதிய சட்டம் கையெழுத்தானது. சிறு குற்றங்களுக்காகப் பிள்ளைகளை மாநிலச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. அடைத்து வைக்கும் வயது வரம்பு 21லிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டது. காவலர்களுக்கு 300 மணி நேரப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான குறைதீர்ப்பாளர் அலுவலகம் ஏற்பட்டது.

குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகள் இருவரில் ஒருவருக்கு 2010இல் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. மற்றவரை 2011இல் நீதிமன்றம் விடுவித்தது.

17,000 படுக்கைக் கணக்கு

அதே 2007இல் மற்றொரு கணக்கும் குழுக்களின் முன் வைக்கப்பட்டது. 2012க்குள் இன்னும் 17,000 கைதிகளுக்கு இடம் தேவைப்படும் என்று மதிப்பிடப்பட்டது. அதற்கான செலவு ஏறத்தாழ 2 பில்லியன் டாலர்.

மேடன் பொறியியல் பயின்றவர். 2005இல் சிறைத்துறைக் குழுவின் தலைவராக அவர் பொறுப்பேற்றபோது, புதிய சிறைகள் வேண்டாம், செலவு அதிகம் என்று கீழவைத் தலைவர் டாம் கிரேடிக் கூறிவிட்டார். தண்ணீர் எங்கிருந்து வந்து நிரம்புகிறது என்று குழாயைத் தேடும் பொறியாளரைப் போல, கைதிகள் எந்த வழியாக உள்ளே வருகிறார்கள் என்று மேடன் தேடத் தொடங்கினார்.

ஆய்வாளர் டோனி ஃபபேலோ புள்ளிவிவரங்களை ஆராய்ந்து மூன்று காரணங்களைச் சுட்டினார். நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர்கள் நிபந்தனைகளை மீறிச் சிறைக்குள் வருவது கூடியிருந்தது. 2003இல் நிதி வெட்டப்பட்டதால் போதைப்பொருள் சிகிச்சைக்கான இடங்கள் குறைந்திருந்தன. முன்விடுதலை பெறுவோரும் குறைவாக இருந்தனர்.

ஆக, சிறை நிரம்பியதற்குப் புதிய குற்றவாளிகள் மட்டும் காரணமல்ல. சிகிச்சை கிடைக்காத நோயாளிகளும் அங்கே அடைபட்டுக் கிடந்தனர்.

சட்டமன்றம் 241 மில்லியன் டாலரைச் சிகிச்சைக்கும் மாற்றுத் திட்டங்களுக்கும் ஒதுக்கியது. முயற்சி பலிக்காவிட்டால் மூன்று சிறைகள் கட்டவும் அனுமதி வைத்திருந்தது. அந்த மூன்றும் கட்டப்படவே இல்லை. மாறாக, 1909 முதல் இயங்கி வந்த சுகர்லேண்ட் மத்தியச் சிறை 2011இல் மூடப்பட்டது. மாற்றுச் சிறை கட்டாமல் டெக்சஸ் மூடிய முதல் சிறை அதுதான்.

பிள்ளைகள் வீட்டருகே இருந்தால்

சிறார் பள்ளிகளிலும் மாற்றம் தெரிந்தது. 2006இல் ஏறக்குறைய 5,000 பேர் அடைபட்டிருந்தனர். 2012இல் அந்த எண்ணிக்கை 2,000க்கும் கீழே இறங்கியது.

இதனால் குற்றம் பெருகியதா? 2015இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை தந்தது. ஒரே தன்மையான பின்னணி கொண்ட சிறாரை அது ஒப்பிட்டது. மாநிலப் பள்ளியிலிருந்து வெளிவந்தவர்கள் ஓராண்டுக்குள் மீண்டும் கைதாகும் வாய்ப்பு, சொந்த வட்டாரத்திலேயே கண்காணிக்கப்பட்டவர்களைவிட 21 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது. தொலைவில் அடைத்தது ஊரையும் காக்கவில்லை, பிள்ளையையும் திருத்தவில்லை.

முடியாத வேலை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். ஆனால், வளைப்பதற்கும் ஒடிப்பதற்கும் வேறுபாடு உண்டு. டெக்சஸ் அந்த வேறுபாட்டை முழுமையாக உணர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. எஞ்சியிருந்த ஐந்து சிறார் மையங்களிலும் பாலியல் கொடுமையும் வன்முறையும் நீடிப்பதாக அமெரிக்க நீதித்துறை 2024 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. குற்றம் புரியும் 17 வயதுப் பிள்ளையைப் பெரியவராகக் கருதும் சட்டத்தை மாற்றும் முயற்சிகளும் சட்டமன்றத்தில் பலமுறை தோல்வி கண்டன.

1974இல் நீதிமன்றம் சொன்னதையே 2007இல் சட்டமன்றக் குழு சொன்னது; 2024இல் மீண்டும் சொல்ல வேண்டி வந்தது. சட்டம் எழுதுவது ஒரு கூட்டத்தொடரில் முடிந்துவிடுகிறது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்பதோ ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. பயோட்டில் அந்தக் குரலை முதலில் கேட்டவர் கணிதம் சொல்லிக் கொடுக்கச் சென்ற ஒருவர்தான் என்பதை மறந்துவிடலாகாது.