நஜ்ஜாஷி மன்னரும் கொட்டப்பட்டு முகாமும்



இஸ்லாமிய வரலாற்றின் முதல் ஹிஜ்ரத் மதீனாவை நோக்கியதன்று, அபீசீனியாவை நோக்கியது. கி.பி. 615 அளவில் மக்காவின் கொடுமை தாளாத நபித்தோழர்கள் செங்கடலைக் கடந்து, கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியிடம் தஞ்சம் புகுந்தனர். அவர்களைத் திருப்பி அனுப்புமாறு குறைஷிகள் பரிசுகளுடன் தூதர்களை ஏவினர். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களின் விளக்கத்தைக் கேட்ட மன்னர், பரிசுகளைத் திருப்பிக் கொடுத்து, வந்தவர்களைக் காத்தார். பிற்காலத்தில் அவர் மறைந்த செய்தி எட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். நம் முன்னோர் பெற்ற முதல் அடைக்கலம் பிற சமயத்தவர் தந்தது. அக்கடன் இன்றும் நம்மீது உள்ளது.

அதைத் தீர்க்க நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நத்ஹர் வலி தர்காவும் ஸ்ரீரங்கத்துக் கோயிலும் காவிரியின் இரு கரைகளில் நிற்கும் நம் ஊரிலேயே, விமான நிலையத்தை அடுத்து கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டையில் மற்றொன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் வந்து தங்கிய கொட்டப்பட்டில், 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் ஈழத்தமிழர் குடியேறினர். அது முதல் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தனர். ஐம்பதாயிரத்திற்கும் அதிகமானோர் இன்னும் முகாம்களில் வாழ்கின்றனர்.

1984இல் சந்திரஹாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் அகதிகளே அகதிகளின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினர். 1991இல் ராஜீவ் காந்தி கொலையுண்ட பின் முகாம்கள் மீது ஐயம் படிந்தது. தொண்டு நிறுவனங்கள் உள்ளே செல்வது தடுக்கப்பட்டது. மாணவரின் உயர்கல்விச் சலுகை சில ஆண்டுகள் நின்றது. சிலர் செய்த குற்றத்திற்காக ஒரு சமூகமே சந்தேகிக்கப்படும் வேதனையை நாம் அறியாதவர்களா? 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றி, புதிய வீடுகளும் கட்டத் தொடங்கியது. எனினும் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுள் பலருக்குக் குடியுரிமை இல்லை.

ஊரும் உரிமையும் அற்றவரே தரகருக்கு எளிதில் இரையாவர். படகில் வெளிநாடு அனுப்புவதாகக் கூறி முகாம் மக்களிடம் பணம் பறித்தோர் உண்டு. முன்பணம் தந்து செங்கல் சூளையில் குடும்பத்தையே பிணைப்பதும், வேலை என்று அழைத்துச் சென்று பெண்களை விற்பதும் பழைய அடிமை வணிகத்தின் புதிய வடிவங்களே. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவும், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் இவற்றைத் தடுக்கின்றன. மீண்டு வந்தவளை ஊரே பழித்தால், சட்டத்தால் என்ன பயன்?

தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஸகாத் பெறும் எட்டு வகையினரில் அடிமைத்தளையில் இருப்போரையும், கடனில் மூழ்கியோரையும், வழிப்போக்கரையும் சேர்த்துள்ளது. ஸகாத் முஸ்லிம்களுக்கே உரியது என்பது பெரும்பாலான இமாம்களின் முடிவு. ஸதகாவுக்கு அவ்வரம்பு இல்லை. எனவே முகாம் பிள்ளைகளின் கல்விக்கும், மீட்கப்பட்ட பெண்களின் தையல் தொழிலுக்கும் ஸதகா நிதியில் ஒரு பங்கை ஒதுக்குவோம். வெளியூர் வேலைக்கு ஆள் சேர்ப்பவரைத் தீர விசாரிப்போம். ஐயம் எழுந்தால் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 எனும் எண்களில் உடனே தெரிவிப்போம்.

நஜ்ஜாஷி காட்டிய பெருந்தன்மையை நம் ஜமாஅத்திற்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.